வெம்பிளி: இடிக்கப்பட்ட ஓர் அரங்கின் பெயர்கள்

இலண்டனின் வடமேற்கே நின்ற பழைய வெம்பிளி விளையாட்டரங்கம் 2002-03ஆம் ஆண்டுகளில் இடிக்கப்பட்டது. அவ்விடத்திலேயே 2007இல் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. கட்டடம் மறைந்த பின்னும் அதனையொட்டித் தோன்றிய சொற்கள் வழங்கி வருகின்றன. அவற்றுள் சிலவற்றை மட்டும் இங்கே காண்போம்.

வெம்பிளி என்பது பழைய ஊர்ப்பெயர். வெம்பா என்பவனின் காடு திருத்திய வெளி என்பது அதன் பொருள். அரங்கிற்கு முதலில் இடப்பட்ட பெயரோ வேறு. 1924-25இல் நடந்த பிரித்தானியப் பேரரசுப் பொருட்காட்சிக்கெனக் கட்டப்பட்டமையால் அது 'பேரரசு அரங்கம்' எனப்பட்டது. அப்பெயருடைய அரங்கில்தான், 1948 ஆகஸ்டு 12 அன்று, ஒலிம்பிக் வளைகோற்பந்து இறுதியாட்டத்தில் இந்திய அணி பிரித்தானிய அணியை 4-0 என வென்றது. விடுதலை பெற்று ஓராண்டு நிறைய மூன்று நாள்கள் இருந்தன. இந்நிகழ்வைத் தமிழில் எழுதுவோர் 'வெம்பிளியில்' என்று மட்டும் எழுதிவிட்டால் வெற்றியின் பொருளிற் பாதி போய்விடும். இவ்விடத்தில் முழுப்பெயரையும் மொழிபெயர்த்தே ஆகவேண்டும் என்பது என் கருத்து.

இதனினும் சிக்கலானது 'வெள்ளைக் குதிரை இறுதியாட்டம்' என்னும் தொடர். 1923 ஏப்ரல் 28 அன்று அங்கு நடந்த முதல் ஆட்டத்தில் போல்டன் வாண்டரர்ஸ் அணி வெஸ்ட்ஹாம் யுனைடெட் அணியை 2-0 என வென்றது. பதிவான பார்வையாளர் தொகை 1,26,047. சுவரேறி வந்தோர் கணக்கில் இல்லை. ஆடுகளத்தை நிறைத்த கூட்டத்தை விலக்கிய காவலர்களுள் ஜார்ஜ் ஸ்கோரி ஏறியிருந்த பில்லி என்னும் குதிரையே மக்கள் நினைவில் நின்றது. அக்குதிரை உண்மையில் சாம்பல் நிறத்தது; கறுப்பு வெள்ளைச் செய்திப்படம் அதனை வெண்மையாக்கிற்று. நிறத்தைத் திருத்த முனையும் மொழிபெயர்ப்பாளர் பெயரையே இழப்பார். புதிய அரங்கின் அருகிலுள்ள நடைபாலமும் வெள்ளைக் குதிரையின் பெயரையே தாங்கியுள்ளது.

மூன்றாவது சொல் தோற்றவர்களின் மொழியில் பிறந்தது. 1966 உலகக்கோப்பை இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டுக் கீழே விழுந்து வெளியே தெறித்தது. கோட்டைக் கடந்ததா என்பது இன்றும் வழக்கு. கோல் எனச் சொன்ன எல்லைக்கோட்டு நடுவர் டோஃபிக் பக்ரமோவை ஆங்கிலேயர் 'ரஷ்யர்' என்றே குறித்தனர், அவர் அசர்பைஜானியர். (பெயரிடுவதில் வென்றவர்களுக்கும் கவனம் இருக்கவில்லை!) மேற்கு ஜெர்மனி 4-2 எனத் தோற்றது. அன்று முதல், கம்பத்தில் பட்டுக் கோட்டருகே விழும் ஐயத்திற்குரிய கோல் எந்த ஊரில் விழுந்தாலும் ஜெர்மானியர்க்கு அது 'வெம்பிளி-டோர்'. 'டோர்' என்பது கோலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்.

பழைய அரங்கில் இங்கிலாந்து ஆடிய கடைசி ஆட்டம் 2000 அக்டோபர் 7 அன்று நடந்தது. ஜெர்மனி 1-0 என வென்றது. கோலடித்தவர் டீட்மார் ஹாமான். அந்தக் கோலில் எவர்க்கும் ஐயமில்லை.