குன்னூர் எலிகளும் காய்ச்சாத பாலும்: ஒரு மறுவாசிப்பு

குன்னூர் ஆய்வுக்கூடத்து எலிகளைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர், நூலைப் படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும், ஜி. டி. ரெஞ்ச் 1938இல் வெளியிட்ட ‘தி வீல் ஆஃப் ஹெல்த்’ போட்ட தடத்திலேயே நடக்கிறார்கள். ரெஞ்ச் ஒரு மருத்துவர். அந்த எலிகளை வைத்து உணவாய்வு செய்த ராபர்ட் மெக்கரிசன்மீது பெருமதிப்புக் கொண்டவர். முழுமையான உணவு உண்ணும் உடம்பில் கிருமிக்கு இடமில்லை, ஊட்டம் குன்றிய இடத்தில்தான் அது நுழைகிறது, ஆகவே உணவுதான் முதல், கிருமி அதற்கு அடுத்ததுதான் என்பது அவர் வாசிப்பு. ‘நல்ல சாப்பாடு சாப்பிட்டால் எதுவும் அண்டாது’ என்று இன்று இயற்கை உணவு மேடைகளில் கேட்கிறோமே, அது இந்த வாசிப்பின் பேரப்பிள்ளை. நான் மறுப்பது ரெஞ்சை, மெக்கரிசனை அல்ல.

பின்னணி பலரும் அறிந்ததுதான். வெறிநாய்க்கடிக்கு மருந்து தர 1907இல் குன்னூரில் திறக்கப்பட்டது பாஸ்டர் நிலையம். 1918இல் அங்கே மெக்கரிசனின் ஊட்டக்குறை ஆய்வு தொடங்கியது. செலவுக் குறைப்பால் சில ஆண்டுகள் நின்று, 1925இல் மீண்டு, பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் என்று பெயர் பெற்றது. 1935இல் அவர் ஓய்வு பெற, ஐக்ராய்டு பொறுப்பேற்றார். அந்த ஆய்வுக்கூடம்தான் 1950களின் இறுதியில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நான் நின்று பார்க்க விரும்புவது மெக்கரிசனின் ஒரே ஒரு பத்தியை.

அந்தப் பத்தி இதைச் சொல்கிறது. நல்ல உணவு கொடுத்து வளர்த்த ஏறத்தாழ ஆயிரம் வெள்ளெலிகளில் இரண்டேகால் ஆண்டுக் காலம் ஒன்றுக்குக்கூட நோய் வரவில்லை. வளர்ந்த எலி எதுவும் இயற்கையாகச் சாகவில்லை. தற்செயலான சில சாவுகளைத் தவிரக் குட்டிகளும் சாகவில்லை. இதே பத்தியில் மெக்கரிசன் ஒரு தடையைத் தானே எழுப்பி, தானே பதிலும் சொல்கிறார். இந்த எலிகள் மிகத் தூய்மையான சூழலில் வளர்ந்தன என்பது உண்மை. ஆனால் அதே தூய்மையிலும் அதே கவனிப்பிலும் வளர்ந்த குறையுணவு எலிகள் ஆயிரக்கணக்கில் பலவகை நோய்க்கு ஆளாயின என்கிறார். அந்த இரண்டேகால் ஆண்டு எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிந்தது என்பதை என்னால் நிறுவ முடியவில்லை. 1935க்கு முற்பட்டது என்ற அளவில் விட்டுவிடுகிறேன்.

ரெஞ்ச் வழியினர் இந்தப் பதிலைத் தூய்மைக்கு எதிரான தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். தூய்மை இரு பக்கமும் இருந்தது, நோய் ஒரு பக்கம்தான் வந்தது, ஆகவே தூய்மைக்கு வேலையில்லை என்பது அவர்கள் தர்க்கம். பள்ளிப் பிள்ளைகூட இதில் உள்ள ஓட்டையைக் காட்டிவிடும். ஒரே கிணற்று நீரைப் பாய்ச்சி இரண்டு வயலில் இரண்டு வகை எருவைச் சோதித்தவன், எந்த எரு மேல் என்று சொல்லலாம். நீரே தேவையில்லை என்று சொல்ல முடியாது. மெக்கரிசன் சோதித்தது உணவை. தூய்மையை அவர் இரு பக்கமும் ஒன்றாகவே வைத்தார். நல்ல உணவு உண்ட எலியை அசுத்தக் கூண்டில் அடைத்து, கெட்டுப்போன தீனி போட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்தப் பத்தியில் கேட்கப்படவேயில்லை. கேட்காத கேள்விக்கு ரெஞ்ச் விடை எடுத்துக்கொண்டார்.

இங்கே ஒரு பாடபேதம் இருக்கிறது. நான் முதலில் அதைப் பொருட்படுத்தாமல் கடந்துபோனேன். எலிகளின் உணவுப் பட்டியல் இரண்டு வடிவங்களில் வழங்குகிறது. ஒன்றில் தவிடு நீக்காத கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி, எப்போதாவது கொஞ்சம் இறைச்சியும் பாலும். மற்றதில் காய்கறி என்பது பச்சைக் கேரட்டும் பச்சை முட்டைக்கோசுமாக விரிகிறது. பால் ‘காய்ச்சாத பால்’ ஆகிறது. இறைச்சி வாரம் ஒருமுறை எலும்போடு தரும் ‘பச்சை இறைச்சி’ ஆகிறது. எது முந்திய வடிவம் என்பதை வைத்து வாதம் கட்ட நான் விரும்பவில்லை. விரிந்த பட்டியலை மட்டும் இன்றைய உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். காய்ச்சாத பால், பச்சை இறைச்சி, முளைப்பயறு, சமைக்காத காய்கறி என்று எச்சரிக்கை ஏட்டில் இருக்கும் நான்கு இனங்களும் அதில் உண்டு.

அப்படியானால் அந்த எலிகள் ஏன் நோயுறவில்லை? ரெஞ்ச் சொல்வார்: உணவின் வலிமை. என் ஊகம் வேறு. கறந்த பால் யார் கையால், எவ்வளவு நேரத்தில் கூண்டுக்கு வந்தது, தட்டு எப்படிக் கழுவப்பட்டது என்பதெல்லாம் ஒரு நுண்ணுயிரியல் நிலையத்தின் வளாகத்தில் நடந்தவை. வெறிநாய்க்கடி மருந்து செய்யும் இடத்தில் கைகழுவுவது தொழில் ஒழுக்கம். அதோடு குன்னூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உணவில் பாக்டீரியா விரைந்து பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்; அதிலும் சென்னை வெயிலில் மடமடவென்று பெருகுவது குன்னூர்க் குளிரில் தயங்கித் தயங்கித்தான் பெருகும். ஆவணச் சான்று இதற்கு மெல்லியதுதான். ஆனாலும் அந்தப் பட்டியலைக் குளிரோடும் கழுவிய தட்டோடும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

குளிர் எல்லாவற்றுக்கும் காவல் என்றும் சொல்லவில்லை. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிர்பெட்டிக்குள்ளேயே வளரும். உயரத்துக்கு வேறொரு விளைவும் உண்டு: மலையில் நீர் கொதிப்பது குன்னூரில் ஏறத்தாழ 94 டிகிரியில், ஊட்டியில் அதைவிடச் சற்றுக் குறைவாக. பருப்பு வேக நேரமாகிறது என்று மலையில் உள்ளவர்கள் அலுத்துக்கொள்வது இதனால்தான். ஆனால் பாலுக்கு இது குறையே அல்ல: 72 டிகிரியில் 15 விநாடி இருந்தாலே பதப்படுத்தலுக்குப் போதும். ஆகவே ஊட்டியில் பொங்கிய பாலும் காய்ச்சிய பால்தான்.

ரெஞ்ச் தரப்பின் வலுவான சான்று எலி அல்ல, குரங்கு. அதை மறைப்பது நேர்மையாகாது. குன்னூரில் குறையுணவு கொடுத்த குரங்குகளுக்கு வயிற்றுப்போக்கும் பெருங்குடல் அழற்சியும் வந்தன. நல்லுணவு உண்டவை தப்பின. ஊட்டம் குன்றினால் குடல்சுவர் தளரும், கிருமிக்கு வழி திறக்கும் என்பது இங்கே உறுதிப்படுகிறது. ஆனால் இதன் மறுதலை, அதாவது ஊட்டம் இருந்தால் வழி எப்போதும் மூடியிருக்கும் என்பது, உறுதிப்படவில்லை. ஊட்டக்குறையும் தொற்றும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதை ஸ்க்ரிம்ஷா, டெய்லர், கார்டன் மூவரும் 1968இல் உலக சுகாதார நிறுவன வெளியீடாக விரிவாக எழுதினார்கள். குரங்குகளை அந்த நூலோடு வைத்துப் படித்தால் சிக்கல் இல்லை. ரெஞ்சோடு வைத்துப் படித்தால்தான் சிக்கல்.

மெக்கரிசனின் முந்தைய வாழ்க்கையும் ரெஞ்ச் சொல்லுக்குக் கட்டுப்படாது. கில்கித்தில் முன்கழுத்துக் கழலை நோயை ஆராய்ந்தபோது, மாசுபட்ட நீரின் வண்டலைத் தானே குடித்துப் பார்த்தவர் அவர். கொதிக்கவைத்தால் அதன் தீங்கு போய்விடுகிறது என்று கண்டு, கழலை நீர்வழித் தொற்று என்று வாதிட்டார். அயோடின் குறையே முதன்மைக் காரணம் என்று பிற்காலம் அவரைத் திருத்தியது. கிருமி இருக்கும் இடத்தில் ஊட்டக்குறையைத் தேடியவராக அல்ல, ஊட்டக்குறை இருந்த இடத்திலும் கிருமியைத் தேடியவராகத்தான் அவர் குன்னூருக்கு வந்தார்.

ரெஞ்சின் கோட்பாட்டுக்கு மிகக் கடுமையான சோதனை 2011இல் ஜெர்மனியில் நடந்தது. முளைகட்டிய வெந்தயம் வழியாகப் பரவிய ஈ. கோலை ஏறத்தாழ 4,000 பேரைத் தாக்கியது. 50 பேருக்கு மேல் இறந்தனர். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பங்கினர் வயதுவந்த பெண்கள்; பஞ்சத்தில் அடிபட்டவர்கள் அல்ல. விதையில் ஒட்டிய கிருமி, முளைகட்டும் ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் இரண்டு மூன்று நாளில் பல மடங்காகிவிடும். மேலே நீர் ஊற்றிக் கழுவினால் போகாது. ஆவியில் வேகவைத்தால் போகும்.

பட்டியலில் இருந்த பச்சைக் கேரட்டுக்கும் இதே கேள்வி உண்டு. நீலகிரியின் கேத்தி பாலாடாப் பக்கம் கேரட் அறுவடையாகி, கழுவும் இயந்திரத்தில் புரண்டு, மூட்டையாகி மேட்டுப்பாளையம் இறங்குகிறது. மண்போன கேரட் பளபளப்பாக இருக்கும். கழுவிய நீர் எப்படிப்பட்டது என்பதைப் பளபளப்பு சொல்லாது. தோட்டத்தில் பிடுங்கிய கேரட்டைச் சட்டையில் துடைத்துத் தின்ற பழக்கம் எனக்கும் உண்டு. பாதுகாப்பானது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டமாட்டேன்.

காய்ச்சாத பாலும் பச்சை இறைச்சியும் இருந்த குன்னூர்ப் பட்டியலில் முட்டை இல்லை. அங்கே இல்லாத பச்சை முட்டையும் எச்சரிக்கைக்குரியதுதான்: அதில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடைசெய்தது.