வல்லூறு பிடிக்க அனுமதி தரலாமா?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு 'நியே' என்ற சொல் மறந்திருக்காது. ஒன்றும் தெரியாத அப்பாவி என்று பொருள். பறவைக்கூட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது. கூட்டிலிருந்து குஞ்சாக எடுத்து வளர்த்த வேட்டைப் பறவைக்கு, வல்லூறு பழக்குபவர்கள் வைத்த பெயர். இதற்கு நேர் எதிர் 'அகார்'. காட்டிலேயே வளர்ந்து முதிர்ந்தபின் பிடிபட்ட பறவை. இன்று மிரண்ட பார்வை உள்ளவனை அப்படிச் சொல்கிறார்கள். பெரெக்ரின் வல்லூறுக்கோ 'பெல்ரேன்', அதாவது யாத்திரிகர் என்று பெயர். கூட்டில் எடுக்காமல், வலசை போகும் வழியில் பிடித்ததால் வந்த பெயர் அது.

அப்படி வழிமறித்துப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஊர் ஒன்று ஹாலந்தில் உண்டு. பெயர் வால்கன்ஸ்வார்ட். பெயரிலேயே வல்லூறு இருக்கிறது. இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்து வல்லூறுகள் அந்தப் புதர்வெளிக்கு மேலாகப் பறந்து போகும். பிடிப்பவர் புல்கட்டிகளால் மூடிய குழிக்குடிசையில் உட்கார்ந்திருப்பார். வெளியே ஒரு கீச்சான் குருவியைக் கட்டி வைத்திருப்பார். மனிதக் கண்ணுக்கு வல்லூறு புள்ளியாகக்கூடத் தெரியாத தூரத்திலேயே கீச்சான் கண்டுகொண்டு கத்தும். உடனே அவர் கயிற்றை இழுத்துப் புறாவைப் படபடக்க வைப்பார். வல்லூறு பாய்ந்ததும் வலை மூடிக்கொள்ளும். அந்தச் சாம்பல் நிறக் கீச்சானுக்கு அறிவியலார் வைத்த லத்தீன் பெயருக்கே காவற்காரன் என்றுதான் அர்த்தம். ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் பறவைகளும் அவற்றைப் பழக்கும் ஆட்களும் அந்த ஊரிலிருந்து போனார்கள். மோலன் குடும்பத்தார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இதைச் செய்தார்கள்.

தலைமுறை தலைமுறையாகப் பிடித்தும் வல்லூறு இனம் அழியவில்லை. அதை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது வேறொன்று. டி.டி.டி. அடிக்க ஆட்கள் வந்து, அடித்த தேதியைச் சுவரில் எழுதிவிட்டுப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். மலேரியாவுக்கு நல்ல மருந்துதான். ஆனால் வயல்களில் கொட்டியது பூச்சி வழியாகச் சிறு பறவைக்கும், சிறு பறவை வழியாக வல்லூறுக்கும் போய்ச் சேர்ந்தது. முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடைக்கே உடைந்தது. 1967இல் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேயர் பழைய முட்டைகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டு இதை நிறுவினார். அதற்குள் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டும் பெரெக்ரின் ஒன்றுகூட இல்லாமல் போயிருந்தது.

அப்போது உதவிக்கு வந்தவர்கள் யார் தெரியுமா? வல்லூறு பழக்குபவர்கள்தான். கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டாம் கேட் அவர்களில் ஒருவர். 1970இல் இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். பழக்குபவர்கள் தங்கள் பறவைகளைக் கொடுத்தார்கள். கூண்டில் குஞ்சு பொரிக்க வைத்து ஆயிரக்கணக்கில் வெளியே விட்டார்கள். 1972இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. 1999இல் அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து பெரெக்ரின் நீக்கப்பட்டது.

பிறகுதான், மறுபடி காட்டிலிருந்து பிடிக்க விடலாமா என்ற கேள்வி வந்தது. 2009 முதல் கிழக்குப் பகுதியில், வலசை வரும் பறவைகளில் ஆண்டுக்கு 36 வரை பிடிக்க அனுமதித்தார்கள். ஒரு வயது நிரம்பாதவை மட்டும். அதில் காரணம் உண்டு. இளம் வல்லூறுகளில் ஏறத்தாழப் பாதி முதல் ஆண்டிலேயே இறந்துவிடும். முட்டையிடும் வயதுப் பறவையைத் தொடாதவரை இனத்துக்கு நட்டமில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மத்திய ஆசியாவின் சேக்கர் வல்லூறை வளைகுடாப் பணத்துக்காகக் கணக்கில்லாமல் பிடித்தார்கள். 2012இல் அது அழிவாபத்தில் உள்ள இனம் என்று அறிவிக்கப்பட்டது. அது குறைந்ததற்கு இந்தப் பிடிப்பும் ஒரு முக்கியக் காரணம். அதே வலை, அதே ஆசை. இங்கே எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, அவ்வளவுதான்.

பிரான்சில் 1844ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம், அனுமதிக்கப்பட்ட முறைகளைப் பட்டியலிட்டபோது வல்லூறு வேட்டையைச் சேர்க்கவில்லை. யாரும் வேண்டுமென்று தடுக்கவில்லை. பட்டியலில் இல்லை, ஆகவே கூடாது. மறுபடி இடம் கிடைக்க 1954 ஆனது. கோப்புகளோடு காலம் கழித்த எனக்கு இது சிரிப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருகிறது. தடையோ அனுமதியோ, கணக்குப் பார்த்துக் கொடுத்ததாக இருக்க வேண்டும்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காட்டு வல்லூறைப் பிடிக்க முடியாது. எத்தனை இருக்கின்றன என்று எண்ணி முடிக்காத இடத்தில் அதுவே சரி என்பேன். எண்ணி முடித்த இடத்தில் மட்டும், பழக்கும் கையை எதிரியின் கையாகப் பார்க்கத் தேவையில்லை. பெரெக்ரினைத் திரும்ப வானத்துக்கு ஏற்றியது அந்தக் கைதான்.