உயர்திணையின் குரல்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே அரபிக்கடலை நோக்கி அமைந்த விழிஞ்ஞம், ஆய் வேளிரின் துறைமுகமாய் விளங்கிய பழம்பதி. பாண்டியரும் சோழரும் அதன் பொருட்டுப் போர் புரிந்தனர். இன்று அங்குப் புதிய துறைமுகத்தில் பெருங்கப்பல்கள் வந்து நிற்கின்றன. அயல் மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் அவ்வூரை நினைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதன் தென்கிழக்கே, 1956ஆம் ஆண்டு வரை அதே திருவிதாங்கூர் ஆட்சிப் பகுதியைச் சேர்ந்திருந்த விளவங்கோடு வட்டத்தில், அதங்கோடு என்னும் சிற்றூர் இருக்கின்றது. தொல்காப்பியத்தை அரங்கேற்றக் கேட்ட அதங்கோட்டு ஆசான் அவ்வூரினரே என்று அறிஞர் பலர் கருதுவர்.

அந்நூலின் சொல்லதிகாரத் தொடக்கத்திலேயே ஒரு விதி வருகின்றது. ஆண்மை திரிந்து பெண்மை எய்தியோரைக் குறிக்கும் பெயர்க்குத் தனியாக ஈறு ஒன்றில்லை. அஃது உயர்திணைக்குரிய ஈறுகளையே ஏற்கும் என்பது அவ்விதியின் கருத்து. அவர்களை அஃறிணையில் தள்ளாது மக்கள் வரிசையில் வைத்தது நம் இலக்கணம். இன்று 'திருநங்கை', 'திருநம்பி' என்று நாம் மதிப்புடன் அழைக்கும் மக்களைப் பற்றிய தமிழ் வரலாறு இவ்வாறு தொன்மையானது. சேர இளவலின் படைப்பென்று மரபு கூறும் சிலப்பதிகாரத்தில், மாதவி ஆடிய பதினோராடலுள் 'பேடு' என்பதும் ஒன்று. மணிமேகலையில் புகார் நகரத்து மக்கள் பேடிக்கோலத்து ஆடலைக் கூடி நின்று காண்கின்றனர்.

எனினும் ஒன்றைக் கருதுதல் வேண்டும். இலக்கணம் இடம் தந்தது. காப்பியம் காட்சி தந்தது. குரல் மட்டும் தரப்படவில்லை. அவர்களைப் பற்றிப் பிறர் எழுதினர். அவர்கள் எழுதியதாக நம் கைக்கு வந்தது ஏதுமில்லை. இந்நிலை மாறியது நம் காலத்தில்தான்.

அம்மாற்றம் தனியொருவர் பேனாவிலிருந்து மட்டும் பிறக்கவில்லை; ஒருவர் சொல்ல மற்றவர் கேட்ட கூட்டத்தில் பிறந்தது. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த 'உணர்வும் உருவமும்' என்னும் நூலே அதற்குச் சான்று. அதனைத் தொகுத்த அ. ரேவதி, நாமக்கல் வட்டாரத்தில் பிறந்து, வீட்டை விட்டு டில்லிக்கும் மும்பைக்கும் சென்று, பின்னர்ப் பெங்களூரில் சமூகப் பணி ஆற்றியவர். அவர் தம் கதையை முதலில் எழுதவில்லை. தம்மைப் போன்றோரைத் தேடிச் சென்று, அவரவர் வாயால் கூறிய வாழ்க்கையைக் கேட்டு எழுத்தில் வடித்தார். பள்ளியில் ஏளனம் பொறாது படிப்பை விட்டவர் மிகப் பலர். அத்தகையோர்க்குப் பேனா எடுப்பதற்கு முன்பு வேண்டுவது, இகழாது கேட்கும் செவி.

அதன் பின்னர் நூல்கள் தொடர்ந்தன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்ற லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' 2007இல் வெளிவந்தது. அதன் வழிப் பிறந்த கன்னடத் திரைப்படம் தேசிய விருதும் பெற்றது. பிரியா பாபுவின் 'மூன்றாம் பாலின் முகம்' என்னும் புதினம் 2008இல் வந்தது. அவரே மதுரையில் நூலகத்துடன் கூடிய திருநங்கையர் வள மையம் ஒன்றை நிறுவினார். கவிஞர் கல்கி சுப்பிரமணியம் 2008இல் 'சகோதரி' அமைப்பைத் தொடங்கினார். அவ்வமைப்பின் முயற்சி ஒன்றில், பலர் தாம் பட்ட கொடுமைகளைத் தம் கையாலேயே எழுதி, அருகில் செஞ்சாயம் தோய்ந்த உள்ளங்கைத் தடத்தைப் பதித்தனர். ஒருத்தி தனியே சொல்ல அஞ்சுவதைப் பலர் சேர்ந்து சுவரில் மாட்டும்போது, அஃது ஆவணமாகி விடுகின்றது.

ரேவதி தமிழில் எழுதிய தன்வரலாறு, வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 2010இல் முதலில் வெளிவந்தது. மூலமாகிய 'வெள்ளை மொழி' மறு ஆண்டுதான் தமிழில் அச்சேறியது. நாளும் மொழிபெயர்ப்பில் உழலும் நம்மைப் போன்றோர்க்கு இங்கே ஒரு நுட்பம் புலப்படும். 'வந்தான்', 'வந்தாள்' என்று படர்க்கையில் பால் காட்டும் நம் மொழி, தன்மையில் 'வந்தேன்' என்று மட்டுமே கூறும். இந்தியிலோ, தன்னைப் பற்றி ஒருவர் பேசும்போதும் வினைச்சொல் பெரும்பாலும் ஆணா பெண்ணா என்று காட்டியே தீரும். மலையாளத்து வினைக்கு எவ்விடத்தும் பாலீறே இல்லை. ஆகவே தமிழில் 'நான்' என்று எழுதத் தொடங்கும் திருநங்கைக்கு, பிறர் சூட்டிய ஈறு எதுவும் தடையாக நிற்பதில்லை. பிறர் அவரைப் பற்றிப் பேசும்போதுதான் 'அவன்' என்ற சொல் காயப்படுத்துகின்றது. தன்வரலாறு அவர்கட்கு முதற்கருவியாய் அமைந்ததில் வியப்பில்லை.

பிற மொழிகளிலும் இவ்வாறே கூட்டம் கூடிற்று. வங்காளத்தில் மானபி பந்த்யோபாத்யாய் 1995இல் திருநங்கையர்க்கென ஓர் இதழ் தொடங்கினார். மனிதரினும் கீழானவர் என்று பொருள்படும் பெயரையே, உலகின் ஏளனத்தைத் திருப்பிக் காட்டுவதுபோல், அதற்குச் சூட்டினார். சாகித்திய அகாதெமி 2018ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் கொல்கத்தாவில் திருநங்கைக் கவிஞர்க்கெனத் தனி அரங்கு கூட்டியது. கேரளத்தில் விஜயராஜமல்லிகா 2018இல் 'தெய்வத்தின் மகள்' என்று பொருள்படும் கவிதைத் தொகுதியை மலையாளத்தில் வெளியிட்டார்.

அரசுகளும் வழி திறந்தன. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் திருநங்கையர் நலவாரியம் அமைந்தது. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர்தம் பாலின அடையாளத்தை அறிந்தேற்றது. 2015 நவம்பரில், விழிஞ்ஞத்தை அடுத்த கோவளத்தில் நடந்த மாநாட்டில், நாட்டிலேயே முதன்முறையாக மாநில அரசொன்றின் திருநங்கையர் கொள்கை வெளியிடப்பெற்றது. கேரள எழுத்தறிவு இயக்கம் படிப்பை விட்டவர்கள் மீண்டும் கற்பதற்கு 'சமன்வயா' என்னும் திட்டத்தையும் தொடங்கிற்று.

ஆயினும் சட்டம் எழுத்தாளரை உண்டாக்காது. 2011 மக்கள் தொகைக் கணக்கில் ஆண், பெண் அல்லாத பிரிவில் பதிவு பெற்றோர் 4,87,803 பேர். அவருள் எழுத்தறிந்தோர் விகிதம் நாட்டுச் சராசரியினும் மிகக் குறைவு. இவர்களுள் எழுத விழைவோர்க்கு வேண்டுவன சிலவே: தாம் தேர்ந்த பெயரால் அழைக்கும் தோழமை, பிழையைத் திருத்தும்போது ஆளை இகழாத ஆசிரியர், செலவின்றிக் கூடும் இடம். ஊர் கடந்து வாழ்வோர் இன்று கைப்பேசி வழியாகவும் ஒன்று கூடிப் படித்துக் காட்ட இயலும். வீட்டில் தம்மை வெளிப்படுத்த அஞ்சுவோர்க்கு அதுவே முதல் வாயிலாகலாம்.

வீட்டை விட்ட தமிழ்த் திருநங்கையர் பலர் புகலடைந்தது மும்பை, டில்லி, பெங்களூர் முதலிய நகரங்களில்தான். அவர்களும் நம்மைப் போல் ஊர் நீங்கி வந்தவர்களே; மொழி தெரியாத தெருவில் தமிழோசை கேட்டுத் திரும்பிப் பார்ப்பவர்களே. அந்நகரங்களில் எல்லாம் நமக்குத் தமிழ்ச்சங்கங்கள் உள்ளன. நூலகங்களும் கவியரங்குகளும் உள்ளன. அடுத்த கவியரங்கின் அழைப்பிதழில் அவர்கள் பெயரும் இடம்பெறுமாயின், அதங்கோட்டு ஆசான் முன் அரங்கேறிய விதி வெறும் நூற்பாவாக நின்றுவிடாது, வழக்காறும் ஆகும்.