கல்லுக்குச் சோளம், பிளேடுக்குக் காசு

எங்கள் தொழிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் கத்தியைப் பேசுவார்கள். 2018இல் ‘சவரக்கத்தி’ என்று ஒரு படமே வந்தது. கல்லை யாரும் சீந்தியதில்லை. கத்தி ஊர்க் கொல்லன் அடித்ததாக இருக்கட்டும், இங்கிலாந்து ஷெபீல்டிலோ ஜெர்மனி சோலிங்கனிலோ செய்ததாக இருக்கட்டும், அதை ஒரு ஆளின் தொண்டையில் வைக்கலாமா என்று சொல்வது கல்தான். மதுரை மாவட்டம் பேரையூரைச் சுற்றி நாலைந்து ஊருக்குச் சவரம் செய்த எங்கய்யா, பங்காளிகள் கேட்டால் கத்தியை இரவல் கொடுப்பார். கல்லைத் தொட விடமாட்டார்.

உள்ளங்கை நீளம்தான் இருக்கும் அந்தக் கல். கருப்பில் பச்சை ஓடின நிறம். தண்ணீர் தெளித்தோ, கிண்ணத்தில் இருக்கும் சோப்பு நுரையைத் தடவியோ கத்தியை அதன்மேல் படுக்க வைப்பார். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படவேண்டும். சவரக்கத்திக்கு முதுகு தடித்திருப்பது அழகுக்காக இல்லை; எவ்வளவு சாய்வில் தீட்டவேண்டும் என்கிற கணக்கை அந்த முதுகே பார்த்துக்கொள்ளும். முதுகைத் தூக்கிப் பிடித்தால் வாய் உருண்டுபோகும். வாய் முன்னே போக, அடியிலிருந்து நுனிவரை குறுக்காக ஒரு தள்ளு. முனைக்குப் போனதும் முதுகின் மேலேயே புரட்டி, மறுபக்கத்துக்கு ஒரு இழுப்பு. அழுத்தவே கூடாது. “கத்தியோட கனம் போதும்டா, ஒன் கனத்த எதுக்கு அதுமேல போடுற?” என்பார்.

அதிகமாகத் தீட்டினாலும் கெடுதல். வாயில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு எழும்பும். முதல் கன்னத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும் கத்தி, தாடைக்கு வரும்போது கடிக்கும். அந்தப் பிசிறை எடுக்கத்தான் தோல்வார். வாரில் எல்லாம் தலைகீழ்: முதுகு முன்னே, வாய் பின்னே. மாறினால் வார் அறுபடும். வார் கைவசம் இல்லாத இடத்தில் உள்ளங்கையிலேயே தடவிக்கொள்வார். வாய் ஏறிவிட்டதா என்று பார்ப்பது முன்னங்கை மயிரில். அதனால் அய்யாவின் இடது முன்னங்கையில் ஒரு மயிர்கூட நின்று நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கம் கரிசல் காடு. பருத்தியிலும் சோளத்திலும் நின்றவர்கள் பத்துப் பதினைந்து நாள் தாடியோடு வருவார்கள், தாடிக்குள் புழுதியோடு. அந்தப் புழுதி கத்தி வாயைத் தின்றுவிடும். வேப்பமரத்தடியில் வரிசையாக ஆள் உட்கார்ந்திருக்கும்போது சாவகாசமாகத் தீட்டிக்கொண்டிருக்க முடியாது. ஐந்தாறு இழுப்பில் வாய் திரும்பியாக வேண்டும். உலகத்தில் எந்த நாவிதனுக்கும் இதே அவசரம்தான் போலிருக்கிறது. பெல்ஜியத்தில் ஆர்டென் மலையிலிருந்து மஞ்சள் கல்லை வெட்டி எடுத்தார்கள். அதற்குள் பொடியிலும் பொடியாகக் கார்னெட் மணிகள் இருக்கும், அவைதான் இரும்பைச் சீவும். ஆஸ்திரியாக்காரர்கள் ‘ஸ்வாட்டி’ கல்லைச் செய்தார்கள். அமெரிக்காவில் முடிதிருத்துவோருக்கென்றே, கைக்குள் அடங்கும் அளவில், தூளை அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டுச் சிறு கற்கள் செய்து விற்றார்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயரும் பெட்டியும் வேறு. இப்போது அந்தப் பழைய கற்களைத் தேடி வாங்கிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

1891இல் எட்வர்ட் அச்செசன் என்ற அமெரிக்கர், மின் உலையில் களிமண்ணையும் கரியையும் காய்ச்சிப் புதுப்பொருள் ஒன்றை எடுத்து, அதற்குக் கார்பரண்டம் என்று பேர் வைத்தார். பிறகு நம் ஊருக்கும் அது வந்தது. 1954இல் முருகப்பா குழுமம் ஒரு அமெரிக்கக் கம்பெனியோடும் ஒரு பிரிட்டிஷ் கம்பெனியோடும் சேர்ந்து சென்னையில் கார்பரண்டம் யுனிவர்சலை ஆரம்பித்தது. ஒரு பக்கம் முரடு, மறுபக்கம் கொஞ்சம் மெது என்று இருபக்கக் கல் இரும்புக்கடையில் கேட்டால் கிடைக்கிற சாமானாகிவிட்டது. கறிக்கடைக்காரருக்கும் ஆசாரிக்கும் அது போதும். அய்யா பல் விழுந்த கத்திக்கு மட்டும் அதைத் தொடுவார். முகத்துக்குப் போகும் வாய்க்கு அதன் மெதுப்பக்கம்கூட முரடுதான்.

நான் சொல்ல வந்தது கல்லின் வரவு செலவு. கல் ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் வரும், மகன் ஆயுசுக்கும் வரும். கத்தியும் அப்படியே. ஒரு சவரத்துக்கு இவ்வளவு என்று கையிலிருந்து காசு செலவாவதே கிடையாது. செலவு இல்லாத வேலைக்குக் காசு கேட்க வாய் வராது. அதனால்தான் வருசக் கூலி அத்தனை காலம் ஓடியது. வருசம் முழுக்க ஒரு வீட்டு ஆண்கள் அத்தனை பேருக்கும் சவரம், கிராப்பு. நல்லது கெட்டதுக்கு ஊழியம். இழவு வீட்டில் சங்கு, கருமாதியில் மொட்டை. ஊர்க்காரர்களுக்குப் பிள்ளைப்பேறு பார்த்ததும் எங்கள் வீட்டுப் பெண்கள்தான். எல்லாவற்றுக்கும் சேர்த்து அறுப்பு முடிந்த களத்தில் சோளமோ கம்போ அளந்து போடுவார்கள். அளக்கிற மரக்கால் அவர்களுடையது. ராத்திரி வாசலுக்கு வாசல் போய் வாங்குகிற ஊர்ச்சோறு தனி. பேரையூர் ஜமீன் பூமி. 1948ஆம் வருசச் சட்டம் ஜமீனை ஒழித்தது, களத்துக் கூலியை ஒழிக்கவில்லை.

பக்கத்தில் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில்தான் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தைக் கழித்தார்; 1960இல் காலமானார். தீர்ந்துபோகாத பொருளாதாரம் என்று அவர் எழுதியதற்கு எங்கய்யாவின் கல்லை விடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. குப்பை இல்லை, விரயம் இல்லை, வெளியூர்க் கம்பெனிக்குக் கப்பம் இல்லை. பெரிய மனிதர், அவரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் தீராத பொருளாதாரத்தில் எங்கய்யா தீராமல் தரையில் குந்தியிருந்தார், திண்ணையில் ஏறாமல். பேரன் வயசுப் பயல் ‘வாடா, போடா’ என்றான். இவர் அவனைச் ‘சாமி’ என்றார். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தக் கல்லில் தீட்டின கத்தி சேரிக்குப் போகவில்லை. போனால் ஊர் அவரை விலக்கியிருக்கும். சேரிக்காரர்களுக்குச் சவரம் மறுப்பது 1955ஆம் வருசச் சட்டப்படியே குற்றம். சட்டம் வேப்பமரத்தடிவரை வந்து சேரவில்லை.

பிளேடு வந்ததால் கல் போயிற்று என்று பொதுவாகச் சொல்வார்கள். தேதியைப் பார்த்தால் ஒத்துவராது. ஜில்லெட் தன் பிளேடுக்குக் காப்புரிமை வாங்கியது 1904இல். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய் பையிலேயே அது வந்துவிட்டது. எங்கள் ஊரிலும் பட்டாளத்திலிருந்து வந்தவரும் வாத்தியாரும் தாமே சிரைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அய்யாவின் கல் அசையவில்லை. சம்சாரி எதற்கு பிளேடு வாங்கப் போகிறான், கல் இலவசமாக இருக்கும்போது?

அசைத்தது ஒரு வியாதி. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். 90களில் சுவர் சுவராக எய்ட்ஸ் விளம்பரம். அதில் ஒரு வரி எங்களுக்கு: சவரத்துக்குப் புது பிளேடு கேளுங்கள். ஒரே கத்தியை முகத்துக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்த அய்யாவைச் சனங்கள் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். படிகாரம் தடவினால் பயம் போகுமா? பிளேடைப் பாதியாக ஒடித்து மாட்டுகிற கத்தியை அவரும் வாங்கினார்.

பிளேடுக்குக் கடையில் ரொக்கம் கொடுத்தாக வேண்டும். களத்துச் சோளத்தைக் கொடுத்து பிளேடு வாங்க முடியாது. அய்யா முதல்முறையாக வாய்திறந்து காசு கேட்டார். ஒரு பெரிய வீட்டில், “கல்லுதான் இருக்குல்ல, அதுல தீட்டிச் செய்யி” என்றார்கள். “புது பிளேடு கேளுன்னு ஒங்க வீட்டுச் செவுத்துலதான் சாமி எழுதியிருக்கு” என்றார் இவர். அந்த வருசம் அந்த வீட்டுக் களத்துக்கு அவர் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எந்தக் களத்துக்கும் போகவில்லை. தலைக்கு இவ்வளவு, முகத்துக்கு இவ்வளவு என்று ஆகி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் கடை போட்டேன். சுழல் நாற்காலியில் ஏறி உட்காருகிறவர்கள் என்னை ‘அண்ணே’ என்கிறார்கள். எல்லா ஊரிலும் எல்லாக் கடையிலும் எல்லாரும் உட்காருகிறார்கள் என்று மட்டும் சொல்லமாட்டேன். பேப்பர் படிக்கிறவர்களுக்கே தெரியும்.

கல் போனதற்கு நான் வருத்தப்படவில்லை. கைநுணுக்கம் போனதில் வருத்தம் உண்டு: இன்று எங்கள் பையன்களுக்குக் கத்தி ஏன் கடிக்கிறது என்று தெரியாது, கடித்தால் பிளேடை மாற்றிவிடுவார்கள். ஆனால் அந்த நுணுக்கத்துக்கு மரக்கால் சோளம்தான் விலை என்றால் பிளேடே இருக்கட்டும்.

ஒரு தொல்லைதான் மிச்சம். அந்தக் காலத்துப் பயத்தில் வீட்டிலிருந்தே பிளேடு கொண்டுவந்து பழகின பெரியவர்கள் சிலர் இன்னும் சட்டைப் பையில் அதோடு வருகிறார்கள், வந்து கூலியில் குறைக்கச் சொல்கிறார்கள். பிளேடு கொண்டுவந்தாலும் கூலி அதேதான் என்று கண்ணாடிக்கு மேலே எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன்.