ஓவியர் மாருதி

மாருதி (இயற்பெயர்: ரங்கநாதன், 28 ஆகஸ்ட் 1938 – 27 ஜூலை 2023) தமிழ் வார, மாத இதழ்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் வரைந்த ஓவியர். பெண் முகங்களை வரைவதில் புகழ்பெற்றவர். கலைப்பள்ளியில் பயிலாமல் தாமே ஓவியம் கற்றவர்.

பிறப்பு, இளமை

புதுக்கோட்டையில் மராத்தி பேசும் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஆசிரியர். வீட்டில் கிடைத்த சாக்பீஸ் துண்டுகளே மாருதியின் முதல் வரைகருவி. இதழ்களில் வந்த கே. மாதவனின் ஓவியங்களைப் பார்த்து வரைந்து பழகினார். மாதவனை மானசீக குருவாகக் கொண்டார்.

சென்னை வாழ்க்கை

1959இல் பிழைப்பு தேடிச் சென்னை வந்து, மயிலாப்பூரில் திரைப்பட பேனர் வரையும் வேலையில் சேர்ந்தார். அதே ஆண்டு குமுதம் இதழில் கதைக்கு ஓவியம் வரைந்தார். இதழ்களுக்காக அவர் ஏற்ற ‘மாருதி’ என்னும் புனைபெயர் அனுமனைக் குறிப்பது. பின்னர் கண்மணி முதலிய இதழ்களின் அட்டைகளிலும் அவரது ஓவியங்கள் இடம்பெற்றன. ‘உளியின் ஓசை’ (2008) திரைப்படத்தின் ஆடை வடிவமைப்பிலும் பங்காற்றினார்.

ஓவிய நடை

வட்ட முகம், அகன்ற விழிகள், மெல்லிய புன்னகை, ஜிமிக்கி, மல்லிகைச் சரம், பட்டுச் சேலையின் மடிப்பு ஆகியவை மாருதியின் பெண்களுக்குரிய அடையாளங்கள். தோலின் மென்மையையும் ஒளி விழும் இடத்தையும் நீர்வண்ணத்தில் புகைப்படத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார். சமகால ஓவியர் ஜெயராஜ் நவநாகரிக உடையணிந்த நகரத்துப் பெண்களை வரைந்தார். மாருதி குடும்பப் பாங்கான அழகை வரைந்தார். தெய்வ உருவங்களுக்கும் அதே முகச் சாந்தத்தை அளித்தார்.

கலை வரலாற்றில் இடம்

தெய்வத்தையும் பெண்ணையும் ஒரே சாயலில் காட்டும் மரபு ரவிவர்மாவின் (1848–1906) அச்சுப் படங்களால் வீடுகளுக்குள் வந்தது. கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) போன்றோரின் காலண்டர் ஓவியங்கள் அதைப் பரப்பின. இதழோவியத்தில் அம்மரபைத் தொடர்ந்தவர் மாருதி.

மாருதி இதழ்களில் வரைந்துகொண்டிருந்த 1960களில்தான் சென்னையில் கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியால் சோழமண்டலம் (1966) உருவானது. நவீன ஓவியங்கள் காட்சிக்கூடங்களை அடைந்தன. இதழோவியங்கள் வாரம் முடிந்ததும் பழைய தாள்களோடு எடைக்குப் போயின. கலை வரலாற்று நூல்கள் இதழோவியர்களை அதிகம் பேசுவதில்லை. ஆனால் தமிழ் வாசகர்கள் பல தலைமுறைகளாகக் கதைமாந்தரை மனத்தில் கண்டது இவர்களின் கோடுகள் வழியாகவே. மாருதி வரைந்த பெண் ஓர் இலட்சிய உருவம். உழைத்துக் களைத்த முகங்களுக்கு அதில் இடம் குறைவு. அக்காலத் தமிழ் நடுத்தர வர்க்கம் எதை அழகெனக் கருதியது, எதைக் காண விரும்பவில்லை என்பதற்கு அவ்வோவியங்கள் சான்றாகின்றன.

மறைவு

இறுதிக் காலத்தில் புனேயில் வசித்த மாருதி, அங்கு 84ஆம் வயதில் காலமானார்.