கட்டுமரமும் கண்ணாடியிழையும்

முருங்கனில் நின்று நாற்புறமும் நோக்குவோர்க்குக் கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் நெல்வயல்களே தென்படும். ஆயினும், சில கல் தொலைவு மேற்கே சென்றால் வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை ஆகிய மீன்துறைகள் உள்ள கடற்கரை வந்துவிடும். அங்கே இன்று மணலில் ஏற்றி வைத்திருக்கும் படகுகளுள் மிகப் பல கண்ணாடியிழையும் செயற்கைப் பிசினும் சேர்த்து அச்சில் வார்க்கப்பட்டவை. அவற்றுக்கு இன்றும் வள்ளம், தெப்பம் என்ற பழைய பெயர்களே வழங்குகின்றன.

இக்கடலின் கலங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அயலாரை வியக்க வைத்தவை. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலுள்ள ஆழமற்ற கடலைப் பற்றி எழுதும்போது, அங்கு ஓடும் கலங்களுக்கு இரு முனையிலும் அணியம் உண்டு என்கிறார். ஒடுங்கிய நீர்வழியில் கலத்தைத் திருப்பவேண்டிய தொல்லை வராதிருக்கவே அவ்வாறு செய்தனராம். மாந்தைத் துறைக்கு வந்து சென்ற கலங்கள் இவ்வழியைத்தான் கடந்திருக்க வேண்டும். கடலின் ஆழமே கலத்தின் வடிவை வகுத்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கட்டுமரத்தின் கதையும் அத்தகையதே. அலை மோதும் திறந்த கரையில் அடிப்பகுதி ஆழ்ந்த படகு நிலைக்காது. ஆகவே, இலேசான மரங்களைத் தேர்ந்து, செதுக்கி, கயிற்றால் பிணைத்தனர். நடுமரம் சற்றுத் தாழ்ந்தும் ஓரத்து மரங்கள் உயர்ந்தும் நிற்கும். முன்புறம் மேல்நோக்கி வளையும். மேலே ஏறிய அலைநீர் மரங்களின் இடைவெளி வழியே வழிந்துவிடும். நீர் இறைக்கவேண்டிய வேலையில்லை, கவிழ்ந்தாலும் மூழ்குவதில்லை. ஆனால், மரம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். அதனாற்றான் கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து வெயிலில் உலர்த்துவர். இதற்கு மலைவேம்பும் முள்முருக்கும் ஏற்ற மரங்கள்.

1697இல் தம் பயணநூலை வெளியிட்ட ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர், சோழமண்டலக் கரையில் கண்ட இக்கலத்தின் பெயரைத் தம் மொழியில் எழுதிவைத்தார். பின்னாளில் ஆங்கிலேயர் அச்சொல்லை இரட்டை உடல்கொண்ட வேறொரு படகுக்குச் சூட்டிவிட்டனர். நம் சொல் உலகெங்கும் ஓடுகிறது. ஆனால், அது சுட்டும் பொருள் நம்முடையதன்று!

முள்முருக்குக்கு மற்றோர் உறவும் உண்டு. பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவினர் அலைமீது நின்று சறுக்கி விளையாடுவதற்குப் பலகை செய்தனர். அவர்தம் தலைவர்களுக்குரிய நீண்ட பலகைகள் 'விலிவிலி' என்னும் இலேசான மரத்தாலானவை. அதுவும் முள்முருக்கும் ஒரே இனத்தைச் சேர்ந்த மரங்கள். ஒன்றையொன்று அறியாத இரு கரைகளில், ஒருவர் உணவுக்காகவும் மற்றவர் களிப்புக்காகவும் ஏறத்தாழ ஒரே மரத்தை நாடியது எண்ணி மகிழத்தக்கது.

அப்பலகைகளும் மாறின. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் பால்சா மரத்தின்மேல் கண்ணாடியிழைப் போர்வை இட்டனர். 1950களின் பிற்பகுதியில் மரத்தின் இடத்தைப் பாலியூரித்தேன் நுரை பிடித்தது. இன்று விசைப்படகின் பின்னே எழும் அலையில் சறுக்குவதற்கென்றே குறும்பலகைகள் வருகின்றன. இவற்றுட் பலவற்றின் உள்ளீடு, இலங்கையில் ரெஜிபோம் எனப்படும் வெண்ணுரை. பாலியெஸ்டர்ப் பிசின் அந்நுரையைக் கரைத்துவிடுமாதலால் அதன்மேல் எப்பொக்சிப் பிசினே பூசுவர். உள்ளே இலேசு, வெளியே வன்மை என்பதே இதன் இலக்கணம்.

மன்னார்க் கரைக்குக் கண்ணாடியிழை வந்தது விளையாட்டு வழியாக அன்று. வள்ளத்துக்கேற்ற பெருமரங்கள் அருகின, விலை ஏறிற்று, வெளியிணைப்பு இயந்திரமும் வந்து சேர்ந்தது. காரைநகரில் நோர்வே நாட்டினர் துணையுடன் எழுந்த சீநோர் தளம் வடபகுதிக்குக் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டித் தந்தது. எதிர்க்கரையிலோ, 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்கள் இருந்த இடத்தில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின.

புதிய படகு நீரை உறிஞ்சிக் கனப்பதில்லை, புழு அரிப்பதில்லை, விரைந்து செல்கிறது. உலர்த்தவும் கலப்பற்று அடிக்கவும் செலவான நாட்கள் மீனவனுக்கு மிஞ்சின. இதைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆயினும், கயிறு அறுந்தால் கட்டுமரத்தை உடையவனே கட்டிக்கொள்வான். கண்ணாடியிழை வெடித்தாலோ பிசினுக்கும் இழைக்கும் கடையை எதிர்பார்க்க வேண்டும். பழைய மரம் அடுப்புக்கேனும் உதவும். உடைந்த கண்ணாடியிழை மக்குவதுமில்லை. எரித்தால் நச்சுப்புகையே மிஞ்சும்.

வடிவத்தைப் பற்றிய இழப்பு இதனினும் நுண்ணியது. மரத்தில் வேலை செய்த தச்சன், கிடைத்த மரத்தையும் தன் துறையின் அலையையும் பார்த்து வளைவை முடிவு செய்தான். ஆகவே துறைக்குத் துறை கலம் வேறுபட்டது. அச்சு வந்தபின் ஒரே வளைவு பல துறைகளுக்கும் போகிறது. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி ஆராய்ச்சிக்காக 1902இல் ஹெர்ட்மன் என்னும் அறிஞருடன் வந்த ஜேம்ஸ் ஹோர்னல், பின்னர் இந்தியக் கரைகளின் கலங்களை ஆராய்ந்து 1920இல் ஒரு நூல் வெளியிட்டார். காற்று வீசும் பக்கம் நீண்ட பலகையை நீட்டி, அதன்மேல் ஆட்களை ஏற்றிக் கலத்தைச் சமன்செய்யும் பாக்குநீரிணை வத்தைகளையும் அவர் விவரித்திருக்கிறார். பழைய தச்சர் அளவுகளை ஏட்டில் எழுதவில்லை. சாணும் முழமுமாகக் கையிலே வைத்திருந்தனர். அந்தக் கைகளுள் சில இன்னும் இக்கரையில் உள்ளன.