வெப்பம் தாங்கும் கன்வேயர் பட்டை

வெப்பம் தாங்கும் கன்வேயர் பட்டை என்பது, சூடான பொருட்களைத் தொழிற்சாலைக்குள் தொடர்ச்சியாகக் கொண்டு செல்வதற்கெனத் தயாரிக்கப்படும் இரப்பர் பட்டை ஆகும். சிமெண்ட் ஆலைகளில் கிளிங்கர், எஃகு ஆலைகளில் சின்டர் மற்றும் கற்கரி (கோக்), வார்ப்பாலைகளில் சூடான மணல் ஆகியவற்றைக் கையாள இது பயன்படுகிறது. கிளிங்கர் சூளையில் ஏறத்தாழ 1450 °செ வெப்பநிலையில் உருவாகிறது. குளிர்விப்பானில் பெருமளவு ஆறிய பின்னரே இரப்பர் பட்டையில் ஏற்றப்படும். போதிய அளவு ஆறாத பொருட்களுக்கு எஃகுத் தட்டுகளாலான கன்வேயர்கள் பயன்படுத்தப்படுகின்றன.

அமைப்பு

பட்டையின் நடுவில் இழுவிசையைத் தாங்கும் பாலியெஸ்டர், நைலான் துணி அடுக்குகள் அல்லது எஃகு வடங்கள் உள்ளன. இவற்றின் மேலும் கீழும் இரப்பர் உறைகள் அமைந்துள்ளன. பொருளைத் தொடும் மேலுறை பொதுவாகத் தடிமன் கூடியது. அடுக்குகளை ஒட்டும் இரப்பரும் வெப்பத்தைத் தாங்க வேண்டும். இல்லையெனில் அடுக்குகள் பிரிந்துவிடும்.

வெப்பத்தால் சிதைதல்

இரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறைக்கு (வல்கனைசாக்கல்) சார்லசு குட்இயர் 1844 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கந்தகம் உண்டாக்கும் குறுக்குப் பிணைப்புகள் மிகுந்த வெப்பத்தில் உடையக்கூடியவை. மேலும், மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிசன் தாக்குகிறது. இதனால் எஸ்.பி.ஆர் வகை இரப்பர் நாளடைவில் இறுகி, பட்டை கப்பியில் வளையும்போது வெடிக்கிறது. ஈ.பி.டி.எம் இரப்பரின் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இல்லாததால் அது கூடுதல் வெப்பத்தைத் தாங்கும். ஆனால், கனிம எண்ணெய் பட்டால் அது உப்பிவிடும்.

தர வகுப்புகள்

ஐ.எஸ்.ஓ 4195 தரத்தின்படி, உறை இரப்பர் 7 நாட்கள் சூடான அடுப்பில் வைக்கப்பட்டு, அதன் கடினத்தன்மை, இழுவலிமை, நீட்சி ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்கள் அளவிடப்படுகின்றன. வகுப்பு 1 க்கு 100 °செ, வகுப்பு 2 க்கு 125 °செ, வகுப்பு 3 க்கு 150 °செ சோதனை வெப்பநிலைகள் ஆகும்.

தேர்வு செய்தல்

பட்டையின் ஆயுளைத் தீர்மானிப்பது பொருளின் வெப்பநிலை அன்று, பட்டை அடையும் வெப்பநிலையே ஆகும். பெரிய கட்டிகள் சில புள்ளிகளில் மட்டுமே பட்டையைத் தொடுவதால், இடைவெளிகளில் காற்று புகுந்து குளிர்விக்கிறது. நுண்தூள் பரப்பு முழுவதும் படிந்து வெப்பத்தைத் தேக்குகிறது. எனவே ஒரே வெப்பநிலையில் உள்ள கட்டிகளை விடத் தூளே பட்டையை அதிகம் சூடாக்கும். வேதிவினைகளின் வேகம் 10 °செ உயர்வுக்கு ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொது விதி. ஆகவே, சிறிய கணக்குப் பிழையும் பட்டையின் ஆயுளைப் பாதியாகக் குறைக்கலாம்.

பாதுகாப்பு

வெப்பம் தாங்கும் பட்டை, தீ தாங்கும் பட்டை அன்று. இவை இரண்டும் வெவ்வேறு பண்புகள். சரியாக அணையாத ஒரு கற்கரித் துண்டு இப்பட்டையையும் பற்றவைக்கக்கூடும். சுமையுடன் பட்டை நின்றுவிட்டால் வெப்பம் ஒரே இடத்தில் ஊடுருவுவதால் ஆபத்து கூடுகிறது. ஆகையால் வெப்பநிலை உணரிகளும், தணல் துண்டுகளை அணைக்கும் நீர்த்தெளிப்பான்களும் பொருத்தப்படுகின்றன. பட்டையை நிறுத்துவதற்கு முன் சுமையை முழுவதும் இறக்கிவிடுவது பாதுகாப்பான நடைமுறை ஆகும்.